குதிரைக் கோடும் கழுதைக் கோடும்

கொன்றைக்கோட்டை ராஜா மருதப்ப பூபதிக்குப் புகழ்ச்சி என்றால் கற்கண்டு. அவர் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா காதில் விழும்படி யாரும் 'குறைந்தது', 'இறங்கியது' என்று சொல்லிவிடக் கூடாது. அபசகுனம்! மழை பொய்த்தால் 'மேகங்கள் இளைப்பாறுகின்றன' என்பார்கள். ராஜாவுக்கு முன்னந்தலை வழுக்கை விழுந்தபோது, 'மன்னர் நெற்றியும் எல்லையை விரிக்கிறது' என்று ஒருவர் பாடினார். பாடியதற்கு ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டு போனார். நல்ல பாட்டுக்கு ஒரு குதிரை, அது ராஜாவின் கைவழக்கம். எனக்கெல்லாம் அங்கே வேலை கிடைத்திருந்தால் முதல் நாளே வாயைத் திறந்து வெளியே வந்திருப்பேன்.

ஒருநாள் கும்பினி துரையிடமிருந்து ஒரு படம் வந்தது. அரண்மனை லாயத்தில் எத்தனை குதிரை, எத்தனை கழுதை என்பதை ஒரு வருஷத்துக்கு இரண்டு கோடுகளாக இழுத்திருந்தார் துரை. கீழே தை முதல் மார்கழி வரை வரிசையாக மாதங்கள். கூடவே ஒரு கடிதம்.

'இந்தப் படத்தை இங்கிலீஷில் விவரித்து எழுதி அனுப்புங்கள். இது பரீட்சை. தேறினால் உங்கள் இங்கிலீஷ் கடிதங்களை நீங்களே எழுதிக்கொள்ளலாம். தவறினால் என் ஆள் ஒருவன் உங்கள் அரண்மனையிலேயே உட்கார்ந்து எழுதுவான்.'

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. துரையின் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தால் வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் அவன் கண்ணில் படும். அப்புறம் இவர் எதற்கு ராஜா?

"கவலை எதற்கு மகாராஜா? அடியேன் இருக்கிறேன்!" என்று எழுந்தார் ஆதிமூல வித்வான். இங்கிலீஷ் அகராதியைக் கரைத்துக் குடித்தவர். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்து, அதன் பொருளைத் தமிழில் முழங்கினார்.

"தை மாதத்தில் குதிரைகள் மலைபோல் நின்றன. மாசியில் மன்னரைக் கண்டு நாணின. பங்குனியில் அவர் பாதம் நோக்கிப் பணிந்தன. சித்திரையில் இன்னும் பணிந்தன. கழுதைகளோ மன்னர் புகழ் கேட்டு விண்ணோக்கி எழுந்தன..."

சபை ஆகா ஆகா என்றது. ஒருவன் மட்டும் கொட்டாவி விட்டான். அவன் சொக்கேசன். துரைமாரிடம் இங்கிலீஷில் தூது போவதும் பேரம் பேசுவதும் அவன் உத்தியோகம்.

"என்னடா கொட்டாவி?" என்றார் ராஜா.

"ஒரு சின்னச் சோதனை, மகாராஜா. துரையின் படத்தைப் பார்க்காத ஒருவர், வித்வான் சொல்வதை மட்டும் கேட்டு அதை வரையட்டும். வரைந்துவிட்டால் பரீட்சையில் தேறினோம்."

ஓவியர் சிற்றம்பலத்தை அழைத்தார்கள். அவர் அந்தப் படத்தைக் கண்ணால் கண்டதில்லை. வித்வான் மறுபடி முழங்க முழங்க, அவர் வரைந்து நீட்டினார்.

ராஜா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"என் காலடியில் குதிரை ஏனய்யா படுத்திருக்கிறது?"

"பணிந்ததாம், மகாராஜா."

"கழுதை ஏன் பறக்கிறது?"

"விண்ணோக்கி எழுந்ததாக வித்வான்தான் சொன்னார். இறக்கையை மட்டும் நானாக வைத்தேன்."

ராஜா சொக்கேசன் பக்கம் திரும்பினார். "நீ எழுது."

"எழுதுகிறேன். ஆனால் ஒரு சொல்லுக்கு அனுமதி வேண்டும். 'அதலபாதாளத்தில் விழுந்தது'."

"நாக்கை அறுத்துவிடுவேன்!"

"சரி, 'சடசடவென்று சரிந்தது'."

"கூடாது!"

"'இறங்கியது'?"

"முடியாது என்றால் முடியாது!"

"அப்படியானால் துரையின் ஆளுக்கு எந்த அறையை ஒழிக்கட்டும், மகாராஜா? தோட்டத்துப் பக்கம் என்றால் காற்று நன்றாக வரும்."

ராஜா பல்லைக் கடித்தார். "கொஞ்சம் மெதுவான சொல் ஏதும் இல்லையா உன்னிடம்?"

சொக்கேசன் தாடையைச் சொறிந்தான். கூரையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "எனக்குக் கட்டுப்படியாகாதுதான். இருந்தாலும் உங்களுக்காக... 'படிப்படியாகக் குறைந்தது'."

"ஒரே ஒரு தடவைதான்!"

"ஒன்று போதும்."

அவன் கேட்க வந்ததே அதைத்தான். கோடும் அப்படித்தான் இறங்கியிருந்தது. முதலிலேயே அதைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்?

சொக்கேசன் எழுதியது அரைப் பக்கம்கூட வரவில்லை. அதன் பொருள் இது: 'மொத்தத்தில், வருஷ ஆரம்பத்தில் குதிரைகள் அதிகம், முடிவில் கழுதைகள் அதிகம். குதிரைகளின் எண்ணிக்கை தை முதல் ஆடி வரை படிப்படியாகக் குறைந்தது, பிறகு மாறவில்லை. மாறாக, கழுதைகள் மெல்லப் பெருகி, ஆனியில் குதிரைகளை முந்தி, ஐப்பசியில் உச்சத்தைத் தொட்டு, அங்கேயே நின்றன.' முக்கியமான இடங்களில் மட்டும் எண்ணிக்கையைச் சேர்த்திருந்தான்.

சிற்றம்பலம் கேட்டுக்கொண்டே வரைந்தார். துரையின் தாளையும் அவர் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். கோட்டின்மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது.

வித்வானுக்குப் பொறுக்கவில்லை. "ஓய்! ஏன் குறைந்தது என்று காரணம் எழுதவில்லையே?"

"படத்தில் காரணம் இல்லையே, வித்வானே. இல்லாததை எழுதினால் பரீட்சை போச்சு."

அதை அப்படியே அனுப்பினார்கள். பதிலும் வந்தது. தேர்ச்சி! துரையின் ஆள் வரப்போவதில்லை.

ராஜா குளிர்ந்துபோய் சொக்கேசனைக் கிட்டே கூப்பிட்டார். "துரைக்கு எழுதாதது சரி. எனக்குச் சொல். ஏன் குறைந்தது?"

"கோபிக்கக் கூடாது."

"கோபிக்க மாட்டேன், சொல்."

"உங்கள் ஆட்சியில் எதுவுமே குறையாது என்று பாடினார்களே, அவர்களுக்கெல்லாம் பாட்டுக்கு ஒரு குதிரை கொடுத்தீர்கள்."

ராஜா வித்வானைப் பார்த்தார். வித்வான் தூணைப் பார்த்தார்.

"கழுதை ஏனடா கூடியது?"

"போன குதிரைகளின் சுமையை யாராவது சுமக்க வேண்டாமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவி மடியில் விழுந்தது. "பலே! யாரங்கே, சொக்கேசனுக்கு ஒரு குதிரை கொண்டு வாருங்கள்!"

"ஐயோ, குதிரை வேண்டாம் மகாராஜா!" என்று கும்பிட்டான் சொக்கேசன். "ஒரு கழுதை கொடுங்கள், போதும். அந்தக் கோடாவது கொஞ்சம் கீழே வரட்டும்."