எலி குடைந்த இலவங்கட்டை

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில், விடிந்ததிலிருந்து தலை நிமிராமல் ஓர் எலி இலவங்கட்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மேற்கே மலையில் மழை. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டன. எலிக்கோ நீந்தத் தெரியாத ஐந்து குட்டிகள். வெள்ளம் வருவதற்குள் ஐந்தும் படுத்து மிதக்கிற அளவுக்குக் குழி விழ வேண்டும்.

பக்கத்து வளை முள்ளம்பன்றி வந்தது. அந்தக் காட்டில் கட்டையைக் கடித்துப் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள். அது ஒரு கடி கடித்தது. பல் உள்ளே போய்விட்டது.

"ஏம்மா, இது மரமா, அவித்த கிழங்கா?"

"இலவம் அண்ணே. லேசாக இருக்கும்."

"நாலு மழைக்குத் தாங்காது, அழுகிவிடும். வெள்ளத்துக்கு நான் வைத்திருப்பது கருங்காலி. என் பேரன் காலத்திலும் இருக்கும். கடித்துப் பார்."

எலி மரியாதைக்குக் கடித்துப் பார்த்தது. பல் வலித்தது.

"எப்போது குடைய ஆரம்பித்தீர்கள் அண்ணே?"

"போன வருஷம் ஆடியில்."

"குழி எவ்வளவு ஆகியிருக்கிறது?"

"ஒரு நெல் வைக்கலாம்."

எலி தன் கட்டைக்குத் திரும்பியது. மறுபடி குனிந்துகொண்டது.

உச்சி சாய்ந்ததும் வெள்ளம் வந்தது. எலி குட்டிகளைக் குழிக்குள் அடுக்கி, தானும் ஏறிக்கொண்டது. இலவங்கட்டை தக்கையாக மிதந்தது.

முள்ளம்பன்றி தன் கட்டைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தது. கட்டை நேரே அடிக்குப் போனது. அதுவும் கூடவே போய், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்தது.

"எலியம்மா! நானும் ஏறட்டுமா?"

ஏறினால் கட்டை கவிழும். எலி குட்டிகளைப் பார்த்தது. முள்ளம்பன்றியையும் பார்த்தது.

"ஏறாதீர்கள் அண்ணே. கட்டையின் நுனியைக் கடித்துக்கொண்டு காலை உதையுங்கள். பல் நன்றாகப் பதியும்."

முள்ளம்பன்றி கடித்தது. பல் உள்ளே போய்விட்டது. வழியில் ஏதேதோ சொல்ல அதற்கு ஆசைதான். வாயைத் திறக்க முடியவில்லை. பொழுது சாயும்போது எல்லாரும் ஒரு மேட்டில் ஒதுங்கினார்கள்.

இரண்டு மாதம் போனது. மேட்டில், எலியின் புது வளைக்கு முன்னால் கிடந்த இலவங்கட்டையில் காளான் முளைத்தது. முள்ளம்பன்றி வந்து காலால் தட்டியது. பொலபொலவென்று உதிர்ந்தது.

"நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? என் கருங்காலி ஆற்றின் அடியில் இன்னும் அப்படியே இருக்கும், தெரியுமா?"

"இருக்கும் அண்ணே. ஆனால் அன்றைக்கு உங்கள் பல் மட்டும் இந்தக் கட்டையில் பதியாமல் போயிருந்தால்..."

"அம்மா! தம்பி என் வாலைக் கடிக்கிறான்!" என்று வளைக்குள்ளிருந்து ஒரு குட்டி கத்தியது.

எலி ஓடிவிட்டது.

நீதி: எந்த மரம் நல்ல மரம் என்று கேட்பதற்கு முன், எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும்.