பேட்டை வழி

மாரப்பன் தேர்வில் தோற்ற சேதி, அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே லாரிப்பேட்டைக்குப் போய்விட்டது.

பாதி ஆயுசை லாரியில் கழித்தவர். அசாம் வரை பாரம் ஏற்றிப் போய்த் திரும்பியவர். முதுகெலும்பு தேய்ந்துபோய், இனி தூர ஓட்டம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பேருந்து ஓட்டும் வேலை இருந்தது. அதற்கான தேர்வில் தேறினால் போதும். அதில்தான் தோற்றார்.

மறுநாள் தெய்வானையின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். தெய்வானை அவரைவிட வயதில் சின்னவர். அந்தப் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பலர் அவரிடம் கற்றவர்கள்.

"எதுலங்கண்ணா போச்சு?"

"ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்லீங்க. நிறுத்தி ஓராளை எறக்கிவிடச் சொன்னாங்க. பின்னாடி எவனோ ஆரன் அடிச்சான். கதவு சாத்தறதுக்குள்ள நகத்திப்போட்டேன்." மாரப்பன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆரன் அடிச்சா என்னங்க?"

தெய்வானை சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மஞ்சள் பயிற்சிப் பேருந்து. முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுத்து. மாரப்பன் ஏறி உட்கார்ந்தார்.

"பைபாஸ் பக்கமாப் போலாமுங்களா?"

"பேட்டை வழிதான பக்கம்?"

"அங்க பூரா தெரிஞ்ச மூஞ்சிங்க."

"அப்ப பேட்டை வழியே போங்கண்ணா."

பேட்டை டீக்கடைக்கு எதிரே சாலை குறுகும். அங்கே நிறுத்தச் சொன்னார் தெய்வானை.

"ஒரு சின்னப்புள்ளை எறங்குதுன்னு வெச்சுக்குங்க."

தெய்வானை பள்ளிக்கூடப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, குழந்தை இறங்குகிற மாதிரியே மெதுவாக இறங்கினார். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆரன் சத்தம் காதைப் பிளந்தது.

டீக்கடை பெஞ்சில் கந்தப்பன் இருந்தார். மாரப்பனோடு வருஷக்கணக்கில் ஒரே லாரியில் ஓடியவர்.

"மாரப்பா, எறக்கிவிட்டுட்டு அப்படியே தாலாட்டும் பாடிட்டு வா."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மாரப்பனுக்குக் காது மடல் கொதித்தது. தெய்வானை சாலை ஓரம் போய் நிற்பது தெரிந்தது. கிளட்சிலிருந்து காலை எடுத்தார்.

முன்சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

குதித்து இறங்கிப் பார்த்தார். அந்தப் பை. ஓட்டுகிறவன் கண்ணுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார் தெய்வானை. உள்ளே அவருடைய மதியச் சாப்பாடு இருந்திருக்கிறது. டப்பா தகடாகிக் கிடந்தது. தயிர்சோறு தார்ச்சாலையில் பிதுங்கியிருந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கந்தப்பன் தன் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பையாவது தாங்கியிருக்கலாம். மாரப்பன் குந்தி உட்கார்ந்து சோற்றைக் கையால் அள்ளினார். அள்ள அள்ள அது விரலில் ஒட்டியது.

"விடுங்கண்ணா. வண்டியை எடுங்க."

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு மாரப்பன் தானாகவே ஓரங்கட்டினார்.

"நான் எறங்குனதைப் பாத்தீங்களா?" என்று தெய்வானை கேட்டார்.

"பாத்தேனுங்க."

"ஓரத்துல நிக்கறப்ப என் தோள்ல பை இருந்துதுங்களா?"

மாரப்பன் யோசித்தார். தோள் நினைவில் இல்லை. சிரிப்புதான் இருந்தது.

"இருபது டன்னோட மலையெறங்கி வந்திருக்கறேன். அப்பல்லாம் ஒரு பயமும் இருந்ததில்லை." விரலில் காய்ந்திருந்த சோற்றைச் சுரண்டினார். "இந்த வெட்கம் எப்பங்க போகும்?"

"வண்டியைத் திருப்புங்க."

"எங்கீங்க?"

"பேட்டைக்கு."

மாரப்பன் பேட்டைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு திருப்பினார்.

அதே இடம். தெய்வானை அதே மாதிரி இறங்கினார். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி வண்டிக்கு முன்னால் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் மாரப்பனின் கண்ணிலிருந்து மறைந்தார்.

பின்னால் ஆரன். ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, மாரப்பனின் அம்மாவை இழுத்துத் திட்டினான். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். கந்தப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அதுவும் மாரப்பனுக்குத் தெரிந்தது. வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணைக் கரித்தது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது அவருக்கு.

பிரேக்கில் வைத்த கால் வைத்தபடி இருந்தது.

தெய்வானையின் தலை தெரிந்தது. பிறகு தோள். பிறகு பாட்டில் பிடித்த கை. சாலை ஓரம் போய் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். நிதானமாகத் திரும்பி வந்து ஏறினார். மாரப்பன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். முன்னால் பார்த்தார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தார். அதன்பிறகே வண்டியை எடுத்தார்.

பேட்டை தாண்டியதும் தெய்வானை சொன்னார்.

"நாளைக்கே மறுதேர்வுக்குப் பேரு குடுத்துருங்கண்ணா."

"வெட்கம் இன்னும் போகலீங்களே."

"பாத்தேனுங்க. கழுத்து வரைக்கும் செவந்து கெடந்தீங்க. வண்டி அசையலை."