நெய்யப்பத்தை மறைத்த வயிறு

கனகசேகர மகாராஜாவின் சபையில் உண்மையைச் சொல்லி மீசையை இழந்தவர்கள் பலர். அடுத்தது தன்னுடையதுதான் என்று மதியூகி குழைக்காதருக்கு உறைத்தபோது, வார்த்தை வாயைவிட்டுப் போய்விட்டிருந்தது.

சொன்னது இவ்வளவுதான்: "பிரபு, இளவரசர் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறார். வெளியே தெரிகிற சதையைப் பற்றிக் கவலையில்லை. வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதுதான் ஆபத்து."

ஒன்பது வயது இளவரசர் செண்பகராயர் வாயில் அதிரசத்தோடு "ஆமாம்" என்றார்.

மடைப்பள்ளி அதிகாரி சாரங்கபாணி துள்ளி எழுந்தார். இளவரசருக்கு எல்லாவற்றையும் நெய்யில் மிதக்கவிட்டு ஊட்டுகிறவர் அவர்தான்.

"உள்ளே இருப்பதை இவர் எட்டிப் பார்த்தாரா? அது ராஜகளை, பிரபு! கொழுப்பு யாருக்கென்று சபைக்கே தெரியும்!"

சபை சிரித்தது. மகாராஜா சிரிக்கவில்லை.

"குழைக்காதரே, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நாளைக்குக் காட்டும். கத்தி படக் கூடாது. கை படக் கூடாது. கயிறும் படக் கூடாது. காட்டினால் பிள்ளையின் சாப்பாடு உம் பொறுப்பு. இல்லையென்றால் உம் மீசை நாவிதன் பொறுப்பு."

கயிறு விஷயம் அந்த அரண்மனையின் பழைய வழக்கம். உயிரோடிருக்கும் ராஜவம்சத்தாரை அளக்கக் கூடாது. அளப்பது பாடை கட்டுகிறவன் வேலை. தையல்காரர்கூடத் தூரத்தில் நின்று குத்துமதிப்பாகப் பார்த்துத்தான் தைப்பார். இளவரசர் தும்மினால் பொத்தான் பறக்கும். முன்வரிசை மந்திரிகள் சமயம் பார்த்துக் குனியப் பழகியிருந்தார்கள்.

குழைக்காதர் வீட்டுக்குப் போய்த் தரையில் மல்லாந்து விழுந்தார்.

"மீசை போனால் நம் வீட்டு நாயே உங்களைக் கடிக்கும்" என்றாள் மனைவி அலர்மேலு. "மோர் வைத்திருக்கிறேன், குடியுங்கள்."

"எங்கே?"

"காலடியில்தான் இருக்கிறது. தொப்பை மறைக்கிறதோ?"

குழைக்காதர் படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அலர்மேலு பயந்துபோனாள்.

மறுநாள் சபையில் ஒரு பாய், ஒரு தலையணை, காலடியில் ஒரு மணை. ஓரத்தில் நாவிதன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தளபதியின் மகள் வேதவல்லியையும் வரவழைத்திருந்தார்கள். அவளுக்கும் ஒன்பது வயது. கன்னமும் கையும் இளவரசரைப் போலவே கொழுகொழு.

"தோலுக்கடியில் இருக்கும் சதை படுத்தால் பக்கவாட்டில் சரிந்துவிடும், பிரபு. உள்ளே அடைந்திருப்பது சரியாது. மேடு மாதிரி நிற்கும்" என்றார் குழைக்காதர். "சாரங்கபாணி, உமது கையாலேயே மணைமேல் ஒரு நெய்யப்பம் வையும். வேதவல்லி, படுத்துப் பாரம்மா. தெரிகிறதா?"

"தெரியுது மாமா. சாப்பிடலாமா?"

சாப்பிட்டாள். அடுத்து இளவரசர் படுத்தார். சாரங்கபாணி வேறொரு அப்பம் வைத்தார்.

"தெரிகிறதா, இளவரசே?"

"எது?"

இன்னொன்றை மேலே வைத்தார். தெரியவில்லை. இன்னொன்று. ம்ஹூம். ஏழாவது அப்பத்தில் இளவரசர் கத்தினார்: "அதோ! கொஞ்சம் கருகியிருக்கு!"

"அந்தப் பெண்ணுக்கு முதல் அப்பமே தெரிந்தது. இளவரசருக்கு ஆறு மறைந்துவிட்டது" என்றார் குழைக்காதர். "கத்தியில்லை, கையில்லை, கயிறில்லை. உள்ளே இருப்பது ஆறு அப்ப உயரம்."

சாரங்கபாணி மகாராஜா பக்கம் திரும்பினார். "மோசம், பிரபு! நிறைய அப்பம் சேரட்டும் என்று பிள்ளை பொய் சொல்கிறது! பெரியவர்கள் யாராவது படுத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்!"

"நானே பார்க்கிறேன்" என்று மகாராஜா கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்தார். "அடுக்கு. தெரிந்ததும் சொல்கிறேன்."

சாரங்கபாணி அடுக்கினார். ஏழு தாண்டியது. தட்டு காலியானது. மடைப்பள்ளியிலிருந்து கூடையோடு அப்பம் வந்தது. அடுக்கு ஆடாமலிருக்க இரண்டு காவலர்கள் ஈட்டியால் அண்டை கொடுத்தார்கள். மந்திரிகள் கூரையைப் பார்த்தார்கள். சாரங்கபாணி முக்காலிமேல் ஏறினார். நாவிதன் கத்தியை மடித்துப் பைக்குள் போட்டான்.

மகாராஜாவுக்குப் பொறுமை போயிற்று.

"என்னய்யா சாரங்கபாணி, எவ்வளவு நேரம்? இன்னுமா முதல் அப்பத்தை வைக்கவில்லை?"