நூற்றைத் தாண்டிய ஊர்

புள்ளியியல் பேராசிரியர் ரெஜினாவிடம் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து சுடலைக்கண்ணுவுக்கு ஒரே ஆசைதான். தேசியக் கல்விக் கணக்கில் தன் ஊர் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். உப்பளத்து ஊரில் எவன் காலேஜ் போவான் என்று அவன் காதுபடவே கேட்டவர்கள் உண்டு.

அந்த ஊரைக் கணக்கெடுக்கும் வேலையும் அவனுக்கே வாய்த்தது. விடுவானா? வீடு வீடாக ஏறி இறங்கி முடித்துவிட்டான். கல்லூரியில் சேர்ந்தவர்களை மேலே எழுதி, பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வயதுக்காரர்களைக் கீழே எழுதி வகுத்தான். விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டி நின்றது.

நூற்றுக்கு மேல் எந்த ஊரில் உண்டு? கணக்கை வாங்கிப் பார்க்கும் டெல்லிக்காரர்கள் கைகொட்டிச் சிரிக்க மாட்டார்களா? எப்படியோ நூற்றுக்குள் அடக்கி, பேராசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினான்.

ரெஜினா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“சரியா நூறு. எப்படிப்பா வந்துச்சு?”

“கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு மேடம். வயசானவங்களை எடுத்துட்டேன்.”

“யாரை?”

“அஞ்சல்வழியில சேர்ந்த சில பொம்பளைங்களை.” குரல் இறங்கியது. “எங்க அம்மாவையும்.”

நல்ல பிள்ளைதான் போங்கள்! பெற்றவளையே கணக்கிலிருந்து தூக்கியிருக்கிறான்.

“அம்மா பரீட்சை எழுதுறாங்களா?”

“எழுதாம என்ன மேடம்? உப்பு வாரிட்டு வந்த களைப்புலயும் விழுந்து விழுந்து படிக்குது. முதல் வருஷம் பாஸே ஆயிடுச்சு!” சொல்லும்போதே அவன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“அப்புறம் ஏன் எடுத்த?”

“நாப்பத்தஞ்சு வயசு மேடம்...”

“கீழே எழுதத்தான் வயசு பார்க்கணும். மேலே எழுத, காலேஜ்ல சேர்ந்திருந்தா போதும்.”

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே உட்கார்ந்து எல்லாரையும் திரும்பச் சேர்த்தான். முதலில் அம்மாவை.

கணக்கு டெல்லிக்குப் போனது. ஒரு வாரம் கழித்து அங்கிருந்த தமிழ் அதிகாரி ஒருவர் ரெஜினாவைப் போனில் கூப்பிட்டார்.

“நூத்துக்கு மேல போட்டிருக்கீங்களே மேடம், எங்க தப்பு நடந்துச்சு?”

போனில் கசிந்த குரலைக் கேட்டு, எதிரே நின்ற சுடலைக்கண்ணு ஓர் அடி நெருங்கி வந்தான். அம்மாவை மறுபடியும் எடுக்கச் சொல்லிவிடுவார்களோ?

ரெஜினா அவனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தப்பு ஒண்ணும் நடக்கல சார். அந்த ஊர்ல பிள்ளைங்க எல்லாரும் காலேஜ்ல சேர்ந்தாச்சு. இப்ப அம்மாமார் சேர்ந்துக்கிட்டிருக்காங்க.”