உடையாத குடம்

ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் பாட்டுக்கு இருக்கட்டும், இந்தக் கதைக்கு அவர் வேண்டாம். அவர் நாட்டின் கடைக்கோடியில் வல்லக்குறிச்சி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். தன்னைவிடக் கெட்டிக்காரன் சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை என்பது அவர் நினைப்பு. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டுதான் இதை ஊரெல்லாம் சொன்னார்.

அந்த ஊரில் பானை விற்பவள் சிலம்பாயி. களிமண்ணை ஊர்க்குளத்தில் எடுப்பாள். சூளைக்கு வைக்கோலை ஊர்க்காரரிடம் வாங்குவாள். பானை விற்ற காசில் செக்கடியில் எண்ணெய் வாங்குவாள். செக்குக்காரர் அந்தக் காசில் செருப்பு வாங்குவார். காசு ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் வரை எதைத்தான் நாம் கவனிக்கிறோம்?

ஒருநாள் துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு வியாபாரி வண்டி நிறையப் பித்தளைக் குடத்தோடு வந்தான். ஒரு குடத்தைக் கல்லில் போட்டான். உடையவில்லை. இரண்டாம் முறை போட்டான். உடையவில்லை. மூன்றாம் முறை ஆவுடையப்பனையே போடச் சொன்னான். அப்போதும் உடையவில்லை.

"வீட்டிலிருக்கிற மண்பானையை எல்லாம் என் கண் முன்னாடி உடைங்க. குடம் பாதி விலை" என்றான்.

முதலில் ஓடியது நம் கெட்டிக்காரர்தான். தண்ணீர்ப் பானையை உடைத்தார், சோற்றுப் பானையை உடைத்தார், கோழி அடைகாத்த பானையைக்கூட, கோழியை இறக்கிவிட்டு உடைத்தார். அவரைப் பார்த்து ஊரே உடைத்தது. தெருவெல்லாம் ஓடு.

சிலம்பாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மனசுல வச்சுக்காத தாயி. இது உடையவே உடையாதாம்" என்றார் ஆவுடையப்பன்.

"உடையாதா? ரொம்ப நல்லது அண்ணாச்சி" என்றாள். மறுவாரம் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போய்விட்டாள். வைக்கோல் வாங்க ஆளில்லை. செக்கடியில் கூட்டம் குறைந்தது. ஆவுடையப்பன் குடத்தைப் புளி போட்டு விளக்கி, அதில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு விடியற்காலை அவர் அப்பா செத்துப்போனார்.

ஆவுடையப்பன் தலையை மழித்தார்கள், மீசையையும் எடுத்தார்கள். பாடையைத் தூக்கிச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பிள்ளை தோளில் நீர்க்குடம் வைத்துச் சிதையை மூன்று சுற்று வரவேண்டும். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவார்கள். கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தீ வைக்கவேண்டும். அதுதான் வழக்கம்.

சடங்கு செய்யும் முத்திருளன், "குடம் எங்கய்யா?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் பித்தளைக் குடத்தைத் தூக்கி வைத்தார். வேறு என்ன செய்வார்? ஊரில் அதுதான் இருந்தது.

முதல் சுற்றில் அரிவாள் வழுக்கியது. இரண்டாம் சுற்றில் அரிவாள் முனை மடங்கியது. மூன்றாம் சுற்றில், "சரி, போடுங்க" என்றார் முத்திருளன். போட்டார். குடம் ணங்கென்று குதித்து, சரிவில் உருண்டு, முத்திருளன் முழங்காலில் இடித்துவிட்டு, ஆவுடையப்பன் காலடியிலேயே வந்து நின்றது.

"உங்கப்பாவுக்குப் போக மனசில்ல போலிருக்கு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஆற்றில் வெள்ளம். அக்கரைக்குப் போய்ப் பானை வாங்கி வர வழியில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் தீ வைத்தாக வேண்டும். பெற்ற அப்பனை ஒழுங்காக வழியனுப்ப ஒரு மண்பானைக்கு வக்கில்லை. ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

அவர் மச்சினன் பேச்சிமுத்து மெல்லக் காதருகே வந்தான். "அத்தான், ஊர்ல ஒரே ஒரு பானை மிச்சம் இருக்கு. உங்க கொல்லையிலதான்."

"என் கொல்லையிலயா? எங்கடா?"

"கேக்காதீங்க. கொண்டாறேன்."

கொண்டுவந்தான். கம்பங்கொல்லையில் குருவி விரட்ட நின்ற பொம்மையின் தலை அது. சுண்ணாம்பு பூசி, கரியால் முகம் வரைந்திருந்தது. உருட்டு விழி, சப்பை மூக்கு, ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கிய மீசை. வேலையாட்கள் யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவருக்கும் அன்று தெரிந்தது. அவர் மீசை இப்போது பானையில் மட்டும்தான் இருந்தது.

ஆவுடையப்பன் அதில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்தார். கம்பில் கவிழ்த்து வைத்திருந்த பானையின் வாய் இப்போது மேலே வந்ததால் முகம் தலைகீழானது. முதல் சுற்றில் இடது கண்ணில் ஓட்டை. இரண்டாம் சுற்றில் வலது கண்ணில் ஓட்டை. மூன்றாம் சுற்றில் வரைந்த வாயில் ஓட்டை. இரண்டு ஆவுடையப்பன்களும் அழுதுகொண்டே சுற்றினார்கள், ஒருவர் நேராக, ஒருவர் தலைகீழாக.

பின்னால் போட்டார். ஒரே போடில் உடைந்தது. கூட்டம் அடக்கமாட்டாமல் சிரித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கம் என்று ஒன்று இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வெள்ளம் வடிந்ததும் அக்கரைக்குப் போனார்.

"ஊருக்கு வந்துடு தாயி. ஒரு அவசரத்துக்குப் பானை இல்ல."

"நீங்க எப்பவோ ஒரு தடவை சாகுறதுக்கு நான் தினமும் அங்க பட்டினி கிடக்கணுமா அண்ணாச்சி?"

"இனிமே தண்ணிக்கு வாங்குறோம், சோத்துக்கு வாங்குறோம், பொங்கலுக்கும் வாங்குறோம்" என்றார்.

"பேச்சு மாறினா?"

"என் மூஞ்சியப் பானையில வரைஞ்சு நடுத்தெருவுல போட்டு உடை."

"அதத்தான் ஏற்கனவே நீங்களே உடைச்சுட்டீங்களாமே. இங்க வரைக்கும் சேதி வந்துருச்சு" என்றாள். ஆனாலும் வந்தாள்.

அவளிடம் ஆவுடையப்பன் வாங்கிய முதல் பானை கொல்லைப் பொம்மைக்குப் போனது. மீசையை இந்தத் தடவை அவரே வரைந்தார்.

நீதி என்னவென்றால், அவசரத்துக்கு ஓடிப்போக நம் ஊரில் ஒரு கடை இருக்கவேண்டுமென்றால், அவசரமில்லாத நாளிலும் அந்தக் கடையில் நாம் வாங்கவேண்டும்.