குறை சொன்னவன் மீசை

புலிமலைப் பாளையக்காரர் பொம்மைய நாயக்கருக்குத் துப்பாக்கி என்றால் உயிர். கல்மேடையில் மணல்மூட்டை போட்டு, அதன்மேல் குழலை வைத்து, வெடிமருந்தைத் திணி திணி என்று திணித்துச் சுடுவார். மலையே அதிரும். காக்கைகள் ஊரைவிட்டே ஓடும். குறிப்பலகையில் மட்டும் மருந்துக்குக்கூட ஒரு துளை விழாது!

"என் துப்பாக்கியைக் குறை சொல்பவன் மீசையை மழித்துவிடுவேன்!" என்று கட்டளை வேறு.

அரண்மனை விகடகவி திருமேனி தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவன் ஒல்லி உடம்பில் கொழுத்தது மீசை ஒன்றுதான். ஆனால் நாளைக்கு ராஜாவின் புதுச் சம்பந்தி அவர் சுடுவதை வேடிக்கை பார்க்க வருகிறாரே! மானம் போகுமே!

மருந்து போடும் மாடசாமியைத் துப்பாக்கியோடும் ஒரு பலகையோடும் தோப்புக்கு இழுத்துப்போனான்.

"குறை," என்றான். மாடசாமி மருந்தில் ஒரு சிட்டிகை குறைத்துச் சுட்டான். குண்டுகள் பலகையில் பட்டன.

"இன்னும் குறை." துளைகள் ஒரு தேங்காய் மூடிக்குள் அடங்கின.

"இன்னும் குறை!" குண்டு பாதி வழியில் மண்ணைக் கவ்வியது.

"போதுமப்பா! முந்தின அளவே சரி."

மரத்தின் பின்னால் தளவாய் வயிரவன். அந்த மீசைமேல் அவருக்கு நெடுநாள் கண். அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா! திருமேனி குறை சொன்னான்! என் காதாலேயே கேட்டேன்!"

மறுநாள் சம்பந்தி வந்து உட்கார்ந்தார். நாவிதரும் கத்தி தீட்டி வந்து நின்றார்.

"ஏண்டா, குறை சொன்னாயா?"

"சொன்னேன் மகாராஜா." திருமேனி கும்பிட்டான். "முதலில் சுடுங்கள். குறி தப்பினால் மீசையோடு மூக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

'டப்!' நடுப்புள்ளியில் துளை. மறுபடி 'டப்!' துளைமேலே துளை! சம்பந்தி துள்ளி எழுந்தார்.

"அதே துப்பாக்கி, அதே கை. என்னடா மாயம்?"

"துப்பாக்கியிலும் குறையில்லை, தங்கள் கையிலும் குறையில்லை. மருந்துதான் அதிகம். மாடசாமியிடம் 'குறை' என்றேன். நான் இட்ட ஏவல் தளவாய் காதில் புகாராக விழுந்துவிட்டது!"

நாயக்கர் வயிறு குலுங்கச் சிரித்துத் தம் கைக் கடகத்தையே கழற்றித் திருமேனிக்குக் கொடுத்தார்.

நாவிதர் தலையைச் சொறிந்தார். "தீட்டிய கத்தியோடு சும்மா போகவா, மகாராஜா?"

ராஜாவின் பார்வை தளவாய்மேல் திரும்பியது. "இவர் மீசையை மழிக்க வேண்டாம்..."

தளவாய்க்கு மூச்சு வந்தது.

"குறை!"

"எவ்வளவு குறைக்க, மகாராஜா?"

திருமேனி தன் மீசையை ஆசையாக முறுக்கிக்கொண்டான்.

"மருந்துக்குக் கொஞ்சம் விட்டுவை, அப்பா!"