ஞாயிற்றுக்கிழமை நாலு மணி

அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். பாதியில் எழுந்து போனால் பதில் சொல்ல வராது.

சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள் பூரணம். எதற்கும் சிரிப்பாள். கணவன் திருமேனி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தை மாதம் அவளுக்கு ஒரு புது சிம் வாங்கித் தந்தான். அது முன்பு யாரோ வைத்திருந்து, காசு போடாமல் விட்டு, கம்பெனி திரும்ப எடுத்து விற்ற நம்பர் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் தெரிந்தது.

"முனியராஜ் இருக்கானா?"

"அப்படி யாரும் இல்லீங்க. இது என் நம்பர்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. புருஷனை உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு நாடகமா? வாங்கின கடனைக் கட்டச் சொல்லு."

"என் புருஷன் பேரு திருமேனிங்க. அவரை நம்பிக் கடன் குடுக்க இன்னும் யாருக்கும் தைரியம் வரலை" என்று சிரித்தாள் பூரணம்.

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்டார்கள். ஒரு நம்பரைத் தடுத்தால் இன்னொரு நம்பரில் வந்தார்கள். பேச்சு வசவாகி, வசவு காது கூசும்படி ஆனது. பால்வாடியில் விட்ட மகனுக்கு ஒன்று என்றால் டீச்சர் கூப்பிடுவதும் அந்த நம்பருக்குத்தான். அணைத்து வைக்கவும் முடியாது. திங்கட்கிழமை சிம்மை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மறுபடி போன் அடித்தது. வசவுக்குத் தயாராக எடுத்தாள். பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. பின்னாலிருந்து ஒரு அதட்டல்: "கார்த்தீஸ்வரி, இன்னிக்காவது போகுதா? யாருடி எடுத்தது?"

"சித்தி, மிஸ்" என்றது ஒரு சின்னக் குரல். பிறகு போனுக்குள் மெதுவாக, "வச்சிராதீங்க. இது எங்க அப்பா முனியராஜ் நம்பரு."

பூரணம் வைக்கவில்லை.

கார்த்தீஸ்வரிக்குத் தாய் இல்லை. திருமங்கலத்தில் ஒரு விடுதியில் தங்கி ஏழாவது படிக்கிறாள். அங்கே ஞாயிறு நாலு மணிக்கு வரிசையில் நின்று மூன்று நிமிடம் பேசலாம், அதுவும் பதிவேட்டில் எழுதிய நம்பருக்கு மட்டும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பிள்ளையிடம் தர மாட்டார்கள். எட்டு மாதமாக 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்பதைக் கேட்டுவிட்டு வரிசையை விட்டு விலகிப் போன பிள்ளை அது.

"அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு கண்ணு" என்றாள் பூரணம், வாய்க்கு வந்ததை.

"சரி சித்தி."

சிம் மாறவில்லை. வாராவாரம் பிள்ளை பேசியது. கணக்கில் எடுத்த மார்க்கு, காணாமல் போன ரிப்பன் எல்லாம் சொன்னது. அப்பா எப்போது வருவார் என்று மட்டும் கேட்கவில்லை. பூரணமும் தான் வாங்கும் வசவைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாசியில் ஒரு நாள் வசூல்காரப் பெண் ஒருத்தி தணிவாகப் பேசினாள். "அந்த ஆளுக்கு ஒரு பொண்ணு ஹாஸ்டல்ல படிக்குதாமே. ஊரை மட்டும் சொல்லுங்கக்கா. இன்னிக்கே எங்க லிஸ்ட்லருந்து உங்க நம்பரை எடுத்திடுறோம்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் பூரணம். அவர்களிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

அதற்குப் பிறகு அவர்கள் அவள் வேலை பார்க்கும் இடத்தை எப்படியோ விசாரித்து, தீப்பெட்டி ஆபீசுக்கே போன் போட்டு, போர்மேனிடம் அவளைப் பற்றிச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை, "நாளைலருந்து வேலைக்கு வராதம்மா" என்றுவிட்டார் அவர். வீட்டுக்கு வந்த பூரணம் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை அழ வச்சுத்தான் அந்தப் பிள்ளை பேசணுமா?" என்றான் திருமேனி. சிம்மைக் கழற்றிக் கத்தரியால் வெட்டிப் போட்டான்.

மறுநாள் நாலு மணிக்கு வீட்டில் எதுவும் அடிக்கவில்லை. பூரணம் கடிகாரத்தையே பார்த்திருந்தாள். தட்டில் போட்ட சோறு திருமேனிக்கும் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவனே ஆட்டோவை எடுத்து, "ஏறு" என்றான்.

விடுதி வாசலுக்கு வந்த பிள்ளை இவர்கள் முகத்தைப் பார்த்து முழித்தது. "கண்ணு" என்ற குரலைக் கேட்டதும், "சித்தியா?" என்றது.

"உங்கப்பா எங்கம்மா? அந்த ஆளுக்காக இவ வாங்காத பேச்சில்ல. வேலையும் போச்சு" என்றான் திருமேனி.

பிள்ளை பூரணத்தைப் பார்த்தாள். "அப்பா செத்துட்டாரு. போன சித்திரையில, கேரளாவுல கட்டடத்துலருந்து விழுந்துட்டாரு. கூட வேலை பார்த்த மாமா பள்ளிக்கூட வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனாரு." அழாமல்தான் சொன்னாள். "ஆளில்லாத பிள்ளைங்களை வேற ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு ஹாஸ்டல் பிள்ளைங்க சொன்னாங்க. அதான் அப்பா இருக்கிற மாதிரியே வாராவாரம் வரிசையில நின்னேன்."

"என்கிட்டயாவது சொல்லக்கூடாதா கண்ணு?"

"சொன்னா நீங்களும் போனை வச்சிருவீங்க."

அதற்குள் வார்டன் பதிவேட்டோடு வந்துவிட்டார். "போன வாரம் நம்பர் போகலை. நீங்க யாரு? இவ அப்பா எங்க?"

கதையை இங்கே நிறுத்துகிறேன். அப்பா இறந்ததைப் பிள்ளை சொல்லியிருந்தால் பூரணம் அதை வசூல்காரர்களிடம் சொல்லித் தப்பித்திருப்பாள். பூரணம் ஊரைச் சொல்லியிருந்தால் அவள் வேலை பிழைத்திருக்கும். திருமேனி சிம்மை வெட்டாமல் இருந்திருந்தால் பிள்ளை காத்து நின்றிருக்காது. சொல்லுங்கள், மூன்று பேரில் யார் செய்தது சரி?

என் பதில் இது. பூரணம் செய்ததுதான் சரி. ஊரைச் சொன்னால் அந்த வசவு யார் காதுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை மேல் குற்றமில்லை. தன் மூன்று நிமிடத்துக்கு இன்னொருத்தி என்ன கொடுக்கிறாள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. திருமேனி வெட்டியது தப்பு. வசவைச் சுமந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அது அவனுக்கே தெரிந்திருந்தது. வார்டனிடம் நடந்ததை உள்ளபடி சொல்லி, பேனா வாங்கி, பதிவேட்டில் தன் நம்பரை எழுதினான். 'உறவு' என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது. "சித்தப்பான்னு எழுதுங்க" என்றாள் கார்த்தீஸ்வரி. அவன் எழுதி முடித்த பிறகுதான், யாருக்கும் தெரியாமல் இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததை, அப்பாவுக்காக, வாய்விட்டு அழுதாள்.